எரிப்பு(த் தடை)ப் பொத்தான்

1

இந்தக் கதை ஒரு ஸ்டிக்கராகப் பிறந்தது. கையகல மஞ்சள் ஸ்டிக்கர், நான்கு வரி, கீழே அச்சகத்தின் போன் நம்பர். எழுதியவள் நான். பெயர் அருணாதேவி. திருத்தங்கலில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். காலண்டரின் பின்பக்க ராசிபலன், பட்டாசுப் பெட்டியின் எச்சரிக்கை, கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன்களின் பெயர் வரிசை, எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். பதினொரு வருஷமாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கதை எழுதுவேன். நாலைந்து பத்திரிகைகளில் வந்திருக்கிறது. என் தமிழைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு. அடக்கமான ஆள் வேண்டுமென்றால் நீங்கள் வேறு கதைக்குப் போகலாம்.

ஸ்டிக்கர் ஆர்டர் ஒரு லாரி செட்டிலிருந்து வந்தது. புதிதாக வருகிற டீசல் லாரிகளில் புகையை வடிகட்டும் ஒரு சாமான் இருக்கிறது, அதைச் சுத்தமாக வைத்துக்கொள்வது எப்படி என்று டிரைவர்களுக்குத் தமிழில் நாலு வரி வேண்டும், முன் கண்ணாடியில் ஒட்ட வேண்டும் என்றார்கள். நானூறு எண்ணம். அடித்துக் கொடுத்தோம். ஒட்டிவிட்டார்கள்.

அந்த ஸ்டிக்கரில் ஒரு சொல் விட்டுப்போயிருந்தது. ஒரே சொல், 'தடை'. விட்டவன் எங்கள் டிசைனர் விக்னேஷ்குமார். அதனால் ஒரு டிரைவர், மேலே பாதி லோடு பட்டாசு இருக்க, லாரிக்கு அடியில் தன் கையாலேயே அடுப்பு மூட்டுகிற நிலைமைக்கு வந்துவிட்டார். அவர் மூட்டினாரா என்பதுதான் கதை.

(மேலே உள்ள பத்தியில் ஒரு பொய் இருக்கிறது. ஐந்தாம் பகுதியில் எடுத்துவிடுகிறேன். இப்போதே எடுத்தால் உங்களுக்கு என்மேல் மதிப்பு வராது.)

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று முறை பார்த்தேன்.

முதல் தடவை: 'வெம்பக்கோட்டைச் சாலையில் புரட்டாசி வெயில் கரிசலைப் பிளந்து, கருவேல மரங்களின்'

நிறுத்திவிட்டேன். கருவேல மரங்களின் எதை? எனக்கே தெரியவில்லை. வெயிலை வர்ணிக்கிறவர்கள் பெரும்பாலும் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பவர்கள். நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் தடவை: 'வெடிச் சத்தம் கேட்டபோது அவள்'

இதையும் அடித்தேன். எங்கள் ஊரை வைத்து எழுத வருகிறவர்கள் மூன்றாம் பக்கத்துக்குள் ஒரு ஷெட்டை வெடிக்க வைத்துவிடுவார்கள். வெடிக்கவில்லை என்றால் சிவகாசி என்று நம்ப மாட்டார்கள்போல. இங்கே நிஜமாகவே வெடிக்கிறது. அப்படி வெடித்த வீடுகளில் போய் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறேன். அங்கே யாரும் அதைக் கதையின் முடிவாகப் பேசுவதில்லை. மதுரை ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ், யார் கூட இருப்பது, சின்னப்பிள்ளையை யார் பள்ளிக்கூடத்தில் விடுவது என்றுதான் பேசுவார்கள். உங்களை இரண்டாம் பக்கத்துக்கு இழுத்துப்போக அந்த வீடுகளை நான் கடன் வாங்க மாட்டேன்.

மூன்றாம் தடவை: 'டிரைவர் சோலைச்சாமி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் மணி அடித்தது.'

தப்பு. சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் நான்.

3

போன் அடித்துக்கொண்டே இருக்கட்டும். முதலில் அந்த வடிகட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பகுதியைத் தாண்டிப் போகிறவர்கள் பின்னால் வந்து முழிக்கக் கூடாது.

புது லாரிகளில் புகைக்குழாய்க்கு நடுவே, தண்ணீர்க் குடத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஒரு உலோக உருளை இருக்கும். டிரைவர்கள் டி.பி.எஃப். என்பார்கள். உள்ளே தேன்கூடு மாதிரி ஒரு சல்லடை. இன்ஜின் கக்கும் கரியெல்லாம் அதில் தங்கிவிடும். பழைய லாரிக்குப் பின்னால் பைக்கில் போய் வெள்ளைச் சட்டையைப் பறிகொடுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

தங்கின கரி எங்கே போகும்? எரிந்து போகும். நாற்கரச் சாலையில் லாரி ஒரே சீராக ஒரு மணி நேரம் ஓடினால் புகையின் சூட்டிலேயே கரி எரிந்து சாம்பலாகிவிடும். டிரைவருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. எங்கள் பக்கத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் கிடைக்காது. திருத்தங்கலில் நாற்பது பெட்டி ஏற்றி, சிவகாசி நெரிசலில் நின்று, ஒரு கம்பெனி வாசலில் இன்ஜினை ஓடவிட்டபடி காத்துக் கிடந்து, அங்கிருந்து அடுத்த கம்பெனிக்கு மாட்டுவண்டி வேகத்தில் போனால் புகை சூடேறாது. கரி சேரும். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். கவனிக்காவிட்டால் கண்சிமிட்டும். அதையும் கவனிக்காவிட்டால் வண்டி இழுக்காது, ஏற்றத்தில் நின்றுவிடும். கடைசியில் பட்டறைக்காரர் சல்லடையையே மாற்றச் சொல்வார். [சிலர் உள்ளே இருப்பதை உடைத்துக் கொட்டிவிட்டு வெறும் கூட்டோடு ஓட்டுகிறார்கள். சட்டப்படி குற்றம். அவர்களுக்கு என் ஸ்டிக்கரில் இடமில்லை.]

மஞ்சள் விளக்குக்கு வைத்தியம் இருக்கிறது. காலி வண்டியைக் காய்ந்த புல்லோ ஆளோ இல்லாத பொட்டலில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். இன்ஜின் தானே வேகம் கூட்டிக்கொண்டு, வடிகட்டிக்குள் அறுநூறு டிகிரிவரை சூடேற்றி, கரியை எரித்து முடிக்கும். அரை மணி, முக்கால் மணி ஆகும். அது எரிப்புப் பொத்தான்.

அதன் பக்கத்திலேயே, அதே அளவில், இன்னொரு பொத்தான் உண்டு. அது நேர் எதிர். வண்டி தானாக எரிக்கத் தொடங்கிவிடாமல் நிறுத்திவைப்பது. பெட்ரோல் பங்க், வைக்கோல் படப்பு, பட்டாசுக் கம்பெனி மாதிரி இடங்களுக்குள் போகுமுன் இதை அழுத்த வேண்டும். வெளியே வந்ததும் எடுத்துவிட வேண்டும். அது எரிப்புத் தடைப் பொத்தான்.

இரண்டிலும் ஒரே படம். தடுக்கிற பொத்தானில் மட்டும் ஒரு சின்னக் குறுக்குக்கோடு கூடுதல். எங்கள் ஊர் ரோட்டில் அது மூன்றே நாளில் தூசிக்குள் போய்விடும். அதனால்தான் ஸ்டிக்கரே.*

[இந்த இடத்தில் மனசு, கரி, எரித்துச் சுத்தமாக்குவது என்று ஓர் உருவகம் வந்து வாசலில் நின்றது. தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.]

* சாம்பல் எரியாது. அது சேர்ந்துகொண்டே போகும். சில வருஷத்துக்கு ஒருமுறை பட்டறையில் கழற்றி, அதற்கென்று உள்ள மெஷினில் காற்றடித்து எடுக்க வேண்டும். வாசலில் வைத்து ஹோஸ் தண்ணீரைப் பீய்ச்சக் கூடாது. சாம்பல் குறைவாக விடுகிற ஆயிலாகப் பார்த்து ஊற்ற வேண்டும். இதெல்லாம் கதைக்குத் தேவையில்லை. லாரிக்குத் தேவை.

4

இனி சோலைச்சாமி.

இவரை நான் முதலில் நம்பவில்லை. ஒரு வரைவில் எழுதப் படிக்கத் தெரியாதவராக்கினேன். இன்னொன்றில் பெரிய மீசை வைத்து, பதற்றக்காரராக்கினேன். அப்படி இருந்தால்தானே ஸ்டிக்கரை நம்பி மாட்டிக்கொள்வார்? அந்த வரைவை நிஜ சோலைச்சாமியிடமே படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மீசையை எடுத்துருங்க தாயி, எனக்கு இல்லாதது எதுக்கு?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "பத்தாப்புல கணக்குல எம்பத்தொண்ணு எடுத்தவன் நான். அதையும் போட்டுக்கிடுங்க" என்றார். போட்டுவிட்டேன்.

ஐம்பத்திரண்டு வயது. திருத்தங்கல்காரர். இருபத்தாறு வருஷம் பழைய லாரி ஓட்டியவர். இந்தப் புது லாரி கைக்கு வந்து மூன்று மாதம்.

இன்னொரு சந்தேகமும் இருந்தது. ஸ்டிக்கரின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சக நம்பருக்கு எந்த டிரைவராவது போன் செய்வாரா? வெளியூரில் செய்ய மாட்டார்கள். எங்கள் ஊரில், அந்த நம்பர் எந்தத் தெருவில் அடிக்கும், யார் எடுப்பார்கள் என்பதுவரை தெரியும். செய்தார். மதியம் ஒன்றேகால்.

"அச்சாபீஸா? டிரைவர் சோலைச்சாமி பேசுதேன். மஞ்ச ஸ்டிக்கரு நீங்க அடிச்சதுதானே?"

"ஆமா, சொல்லுங்கண்ணே."

"வெம்பக்கோட்டை ரோட்டுல கம்பெனி வாசல்ல நிக்கேன்." கம்பெனியின் பெயரையும் சொன்னார். "மஞ்ச லைட்டு எரியுது. கம்பெனிக்குள் நுழையும் முன் எரிப்புப் பொத்தானை அழுத்தவும்னு போட்டிருக்கீக. மேல பாதி லோடு இருக்கு, காலைல இன்னொரு கம்பெனில ஏத்துனது. மிச்சத்தை இங்கன ஏத்தணும். அழுத்தவா?"

டிபன் பாக்ஸில் புளியோதரை. வாயில் ஒரு கவளம். என் ஸ்டிக்கரை ஒருவர் வரி வரியாகப் படித்திருக்கிறார் என்ற சந்தோஷம் வேறு.

"அச்சடிச்சிருக்கிறபடியே செய்யுங்கண்ணே. எல்லாம் சரிபார்த்துத்தான் போட்டிருக்கோம்."

"சரிங்க தாயி. போனை வாங்கி வைக்காக." வைத்துவிட்டார்.

எதிர்ச் சுவரில் அந்த ஸ்டிக்கரின் மாதிரி ஒன்றை நானே ஒட்டியிருந்தேன். கையைக் கழுவிக்கொண்டே படித்தேன். நன்றாக எழுதியதை மறுபடி படித்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு.

மஞ்சள் விளக்கு எரிந்தால் அலட்சியம் வேண்டாம்.
காலி வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி எரிப்புப் பொத்தானை அழுத்தவும்.
பட்டாசுக் கம்பெனிக்குள் நுழையும் முன் எரிப்புப் பொத்தானை அழுத்தவும்.
வெளியே வந்ததும் மறக்காமல் எடுத்துவிடவும்.

மூன்றாவது வரியில் குழாயை மூட மறந்து நின்றேன்.

5

விக்னேஷ்குமார் பாவம். அவன் எந்தச் சொல்லையும் விடவில்லை.

நான் எழுதிக் கொடுத்தது 'எரிப்புத் தடைப் பொத்தானை அழுத்தவும்'. அந்த வரி நீளமாகி, ஓரத்தில் இருந்த லாரிப் படத்தின் முன்சக்கரத்தில் ஏறியது. எழுத்தைச் சின்னதாக்கலாமா அக்கா என்று அவன் கேட்டான். ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா என்று நான்தான் அதட்டினேன். மவுஸை வாங்கி, வரி எப்படி உட்காருகிறது என்று பார்ப்பதற்காகத் 'தடைப்' என்பதை எடுத்தேன். 'எரிப்புத் பொத்தானை' என்று நின்றது. எனக்கு உடம்பு கூசிவிட்டது. ஒற்றுப்பிழை. உடனே 'த்'தை எடுத்துவிட்டு 'ப்' போட்டேன். எரிப்புப் பொத்தானை. சக்கரத்துக்கு முன்னால் அம்சமாக வந்து உட்கார்ந்தது.

'தடை'யைப் பிறகு எப்படியாவது திரும்ப நுழைப்பதாகத்தான் எண்ணம். அந்த நேரத்தில் முதலாளி சபரிநாதன் அண்ணாச்சி கூப்பிட்டு, காலண்டரில் ஐப்பசி அமாவாசை எந்தத் தேதியில் விழுகிறது என்று கேட்டார். போனேன். பஞ்சாங்கத்தைப் புரட்டி விவாதித்தோம். திரும்பி வந்து, கடைசிப் படியைப் படித்து, கையெழுத்துப் போட்டேன். படித்துத்தான் போட்டேன். பிழையைத் தேடுகிறவளுக்கு அந்த வரியில் ஒரு பிழையும் கிடைக்கவில்லை. எழுவாய் பயனிலை சரி, ஒற்று சரி, புள்ளி சரி. பட்டாசு லாரியை எரிக்கச் சொல்லியிருந்தது, அவ்வளவுதான்.

எரிப்புத் தடைப் பொத்தானை 'ரீஜென் ஆஃப் சுவிட்ச்' என்று டிரைவர்கள் சொல்கிறபடியே போட்டிருந்தால் இது நடந்திருக்காது. லாரி செட்டுக்காரர் அப்படித்தான் கேட்டார். தமிழில் சொல் இருக்கும்போது எதற்கு என்று மறுத்தவள் நான். ஒற்றைப் பார்த்தேன். ஆளைப் பார்க்கவில்லை.

அந்தப் படி என் கையெழுத்தோடு ஃபைலில் இருக்கிறது. முதல் பகுதியில் விக்னேஷ்குமார் என்று வரும் இடத்தில் என் பெயரை வைத்துப் படித்துக்கொள்ளுங்கள். அங்கே போய்த் திருத்தியிருக்கலாம். திருத்தினால் நான் பொய் சொன்னது உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

6

திரும்பக் கூப்பிட்டேன். போன் அணைக்கப்பட்டிருந்தது. பட்டாசுக் கம்பெனி வாசலில் போனை அணைத்து வாங்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள்.

அண்ணாச்சியின் மேஜைமேல் ஸ்டிக்கரை வைத்து மூன்றாவது வரியைக் காட்டினேன். ஒருமுறைதான் படித்தார். "நீ வண்டியை எடும்மா. நான் கம்பெனி ஆபீசுக்குப் போன் போட்டுக்கிட்டே இருக்கேன்" என்றார். சாப்பாட்டு நேரம். அங்கே யாரும் எடுக்கவில்லை என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது.

ஸ்கூட்டரில் அரை மணிக்கும் கொஞ்சம் குறைவு. 'சாலையின் இருபுறமும்' என்று ஒரு வாக்கியம் ஆரம்பித்து வைத்திருந்தேன். சாலையின் இருபுறமும் நான் எதையும் பார்க்கவில்லை. வானத்தின் தென்மேற்கு மூலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். புகை எழவில்லை. எழவில்லை என்பதற்கு அர்த்தம் இன்னும் எழவில்லை என்பதுதான், நான் போய்ச் சேரும்வரை.

கம்பெனி வாசலில் லாரி இல்லை. வாட்ச்மேன் இருளாண்டி மட்டும் ஒரு நீள நோட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"டிரைவர் சோலைச்சாமி எங்கண்ணே?"

"நான் சாப்பிடப் போனப்ப உள்ள போயிருக்காரு. நோட்டுல எழுதுங்க. போனை வைங்க. செருப்பை அங்கன களட்டுங்க. கொண்டை ஊசி இருந்தா எடுத்துருங்க."

"அவசரம்ணே."

"அவசரமா வாறவுகளுக்குத்தான் இந்த நோட்டே."

பெயர் எழுதினேன். ஊர் எழுதினேன். 'வந்த காரணம்' என்று ஒரு கட்டம். பிழைதிருத்தம் என்று எழுதினேன். கை அதுவாக எழுதியது. இருளாண்டி அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் எனக்குப் பேச வந்தது. லாரியின் புகைக்குழாய் சூடாகப் போகிறது, ஒருவேளை ஆகிக்கொண்டிருக்கிறது, நிறுத்த வேண்டும், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் எழுந்தார். கேட்டைப் பூட்டினார். "வாங்க" என்றார்.

நான் ஓடினேன். நான்கு எட்டுதான். என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"ஓடாதீக."

"அண்ணே, விடுங்க."

"இங்கன யாரும் ஓடக் கூடாது. நீங்க ஓடுனா எதுக்கு ஓடுறீகன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாக. ஷெட்டுல இருக்கிற அம்புட்டு சனமும் எந்திரிச்சு ஓடும். போன வருசம் ஒரு பிள்ளை நாய்க்குப் பயந்து ஓடுச்சு. மூணு பேருக்குக் கால் ஒடிஞ்சது. நடங்க."

நடந்தோம். அவர் என் மணிக்கட்டை விடவில்லை. வெறுங்காலில் மண் சுட்டது. முதல் ஷெட்டில் நாலு பெண்கள், மடியில் காகிதக் குழல்களோடு, என்னைப் பார்த்தார்கள். புது ஆள் வந்தால் பார்க்கத்தானே செய்வார்கள். அவர்களைப் பார்த்துச் சிரித்தேன். அந்த நேரத்தில் அவர்களுக்காக என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். இரண்டாவது ஷெட்டிலும் சிரித்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு மெதுவாக நான் நடந்ததில்லை, இவ்வளவு பயந்ததும் இல்லை. மூன்றாவது ஷெட்டைத் தாண்டியதும் ஏற்றும் இடம் என்று இருளாண்டி சொன்னார்.

7

இந்த இடத்துக்கு மூன்று முடிவு எழுதி வைத்திருந்தேன்.

ஒன்றில், சோலைச்சாமி பொத்தானை அழுத்தியிருக்கிறார். இன்ஜின் இரைகிறது. நான் ஏறிப் போய் நிறுத்துகிறேன். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். படிக்க நன்றாகத்தான் இருந்தது. அதில் நான் வீராங்கனை ஆகிவிட்டேன். குற்றவாளியே வந்து காப்பாற்றிவிட்டுப் பாராட்டு வாங்குவதை எழுதக் கூச்சமாக இருந்ததால் கிழித்தேன்.

இன்னொன்று உங்களுக்கே தெரியும். அதை எழுத மாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டேன். எழுதினால் அது எனக்குக் கிடைத்த தண்டனை மாதிரித் தெரியும். ஆனால் அதில் சாகிறவர்கள் அந்த நாலு பெண்கள். என் குற்ற உணர்ச்சிக்காக அவர்களை மடியில் காகிதக் குழலோடு சாகடிக்க எனக்கு மனசு வரவில்லை.

மூன்றாவது, நடந்தது.

லாரி வரிசையின் கடைசியில் நின்றது. இன்ஜின் ஓடவில்லை. அந்த உலோக உருளைக்குப் பக்கத்தில் கையை நீட்டிப் பார்த்தேன். வெறும் வெயில் சூடு. சோலைச்சாமி லாரி நிழலில் காலை நீட்டி, டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தார். அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் என் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்.

"அண்ணே, பொத்தானை அழுத்துனீங்களா?"

"அச்சாபீஸ் தாயியா? என்ன இம்புட்டுத் தூரம்?"

"அழுத்துனீங்களா?"

"இல்லை."

"நான் அழுத்தச் சொன்னேனே."

"சொன்னீக. சோத்தை வாயில வச்சுக்கிட்டுச் சொன்னீக. பேப்பரைப் பாத்துச் சொல்லுற குரல் வேற." டிபன் பாக்ஸைத் துணியில் முடிந்தார். "ரெண்டாவது வரி காலி வண்டில அழுத்துங்குது. மூணாவது வரி கம்பெனி வாசல்ல அழுத்துங்குது. அதே பொத்தான். எனக்கு இடிச்சது. இன்ஜினை அமத்தி, கம்பெனி ஆளுகளை வச்சுத் தள்ளி உள்ள கொண்டாந்தேன். இந்த லோடை வேற வண்டிக்கு மாத்துங்க, விளக்கெரியற வண்டில நான் ஏத்த மாட்டேன்னு சூப்பர்வைசர்ட்ட சொல்லிட்டேன். அவரு கத்திட்டுப் போயிருக்காரு."

"அச்சுல போட்டிருந்ததே அண்ணே. அதை எப்படி நம்பாம இருந்தீங்க?"

அவர் சிரித்தார். "வெளியூர்க்காரன் நம்புவான். நான் திருத்தங்கல்காரன் தாயி. ஒரே மாசத்துல ரெண்டு பதினேழாந்தேதி போட்ட காலண்டரைப் பாத்தவன்."

நான் அழுதேன். சத்தமாகவே அழுதேன். இருளாண்டி அப்போதுதான் என் மணிக்கட்டை விட்டார். விரல் தடம் சிவப்பாக இருந்தது.

[அந்தக் காலண்டர் எங்கள் அச்சகத்தில் அடித்ததல்ல. இதைச் சொல்லாமல் விட என்னால் முடியவில்லை.]

கதை இங்கே முடிந்திருக்கலாம். வாசிக்கிற உங்களுக்கும் இது நல்ல இடம்தான். சோலைச்சாமி விடவில்லை. நான் முகத்தைத் துடைக்கும்வரை காத்திருந்து, எழுந்து லாரியின் முன்னால் போய், கண்ணாடியில் ஒட்டியிருந்த மஞ்சள் ஸ்டிக்கரை விரலால் தட்டினார்.

"இது எம்புட்டு அடிச்சீக?"

"நானூறு."

"நான் உள்ளூர்க்காரன், நம்பலை. மிச்ச வண்டில ஓட்டுறவன் எல்லாம் எந்த ஊரு?"

8

அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. அது இன்னும் வலிக்கிறது. மெஷினில் ஓடிக்கொண்டிருந்த தீபாவளி லேபிளை நிறுத்திவிட்டு, அன்று சாயங்காலமே புது ஸ்டிக்கர் நானூறு அடித்தார். விக்னேஷ்குமார் அளவு போட்டான். எழுத்தைச் சின்னதாக்கினான். லாரிப் படத்தையே தூக்கிவிட்டான். இந்த முறை 'ரீஜென் ஆஃப் சுவிட்ச்' என்றும் கீழே சேர்த்தேன். படியை நான் ஒருத்தி படித்தால் போதாது என்று, போகிற வருகிற டிரைவர்கள் நான்கு பேரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். இதைப் படித்தால் எந்தப் பொத்தானை அழுத்துவீர்கள் என்று கேட்டேன். நான்கு பேரும் சரியாகச் சொன்ன பிறகுதான் கையெழுத்து.

மறுநாள் காலை சோலைச்சாமி, லோடை வேறு வண்டிக்கு மாற்றிக் காலியான தன் லாரியை வெம்பக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு பொட்டலுக்கு ஓட்டிப்போனார். நானும் போனேன். என் ஸ்டிக்கரின் இரண்டாவது வரியாவது சரியா என்று பார்க்க வேண்டும். சுற்றிலும் ஒரு புல் இல்லை. கை பிரேக் போட்டு, பொத்தானை அழுத்திவிட்டு இறங்கினார். இன்ஜின் தானே இரைச்சலைக் கூட்டியது. இருவரும் நாற்பது அடி தள்ளிக் கல்லில் உட்கார்ந்தோம். புகைக்குழாய்க்குப் பக்கத்தில் காற்று நெளிந்தது. இஸ்திரிப்பெட்டி சூடாகும்போது வருகிற மாதிரி ஒரு வாசனை. நாற்பத்திரண்டு நிமிஷம் கழித்து இன்ஜின் தணிந்தது. அவர் ஏறிப் பார்த்துவிட்டு மஞ்சள் விளக்கு போய்விட்டது என்றார். திரும்பும்போது வண்டி முன்னைவிடச் சுளுவாக இழுத்தது. அந்த வரி சரிதான்.

பிறகு ஒன்பது நாட்கள். சிவகாசி லாரி செட்டுகள், விருதுநகர் புறவழிச்சாலை, காரியாபட்டிப் பக்கத்து டீக்கடைகள் என்று ஸ்கூட்டரில் அலைந்து பழையதைச் சுரண்டிப் புதியதை ஒட்டினோம். சோலைச்சாமி தனக்குத் தெரிந்த டிரைவர்களுக்கெல்லாம் போன் போட்டார். முந்நூற்று அறுபத்திரண்டு வண்டிகள் கிடைத்தன. முப்பத்தெட்டு கிடைக்கவில்லை. சீசன் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனவை சில. பாட்னாவில் ஒன்றும் கவுகாத்தியில் ஒன்றும் பார்த்ததாகச் சொன்னார்கள். ஓட்டுகிறவர் மாறியவை சில. விற்றுப்போனவை சில. சிலவற்றைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

இந்தக் கதையை இதுவரை சோலைச்சாமிக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா முடிஞ்சதுன்னு எழுதிறாதீக" என்றார்.

"ஏன்ணே?"

"முடியலைல."

நான் தைரியமானவள். வேறு எந்தக் கதையாக இருந்தாலும் ஏதாவது ஒரு வரியை வைத்து முடித்துக் கொடுத்திருப்பேன். இந்த முடிவு என்னிடம் இல்லை. முப்பத்தெட்டு லாரிகளின் கண்ணாடியில் இருக்கிறது, என் போனுக்கு எட்டாத இடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தப் பத்திரிகை நான் போகாத ஊர்களுக்கெல்லாம் போகும். அதனால்தான் இதைக் கதையாக எழுதினேன். பிழைதிருத்தம் என்று தலைப்புப் போட்டு நாலு வரி கொடுத்திருந்தால் நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள்.

ஆகவே இனி நீங்கள். டோல்கேட்டிலோ, டீக்கடை முன்னாலோ, உங்கள் தெருமுனையிலோ ஒரு லாரி நின்றால் முன் கண்ணாடியின் இடது மூலையைப் பாருங்கள். கையகல மஞ்சள் ஸ்டிக்கர், ஓரத்தில் லாரிப் படம், மூன்றாவது வரி. 'எரிப்புப்' என்பதற்கும் 'பொத்தானை' என்பதற்கும் நடுவில், மேலே, 'தடை' என்று எழுதுங்கள். பேனா ஓடாவிட்டால் கண்மையால் எழுதுங்கள். ஒற்று கெட்டுப்போகும். கெட்டுப்போகட்டும். எழுதிவிட்டு வந்துவிடாதீர்கள், டிரைவரைப் படிக்கச் சொல்லுங்கள், எந்தப் பொத்தான் என்று தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்புங்கள். திட்டுவார். வாங்கிக்கொண்டு, சொல்லிவிட்டு வாருங்கள்.